இருநூற்றுப் பதினொன்றாம் பக்கத்தில் ஒரு தேரை

முப்பத்து நான்கு வயதில் நான் ஓய்வு பெற்றேன். இதைச் சொன்னால் எல்லோரும் என் முகத்தை இரண்டு முறை பார்க்கிறார்கள். புனேவில் பிம்ப்ரி பக்கத்துத் தொழிற்சாலைகள் விருப்ப ஓய்வுத் திட்டங்களை அறிவித்துக்கொண்டிருந்த காலத்தில் கையெழுத்துப் போட்டு வெளியே வந்தவர்களில் நானும் ஒருத்தி. அன்றைக்கு என்னோடு மாலை போட்டுக்கொண்ட மற்றவர்கள் எல்லோரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். குரூப் போட்டோவில் நான் யாரோ ஒருவரின் மகளைப் போல ஓரமாக நிற்கிறேன்.

போன மாதம் சென்னையிலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் கூப்பிட்டாள். குழந்தைகளுக்கான புத்தகம் போடும் நிறுவனம் ஒன்றில் புதிதாகச் சேர்ந்திருக்கிறாளாம். "மேடம், எலி, முயல் எல்லாம் வாள் எடுத்துச் சண்டை போடுற நாவலுக்கு எத்தன வயசுன்னு போடுறது? நீங்க பதினோரு வருஷம் இதே வேலை பாத்தீங்களாமே?" என்று கேட்டாள். பார்த்தேன். ஆனால் இதைத் தொலைபேசியில் சொல்லி முடிக்க முடியாது. அதனால் எழுதுகிறேன்.

முதலில் என் தகுதி. மெக்கானிக்கல் டிப்ளமா, ஒரு வருட அப்ரண்டிஸ். பிறகு தொழிற்சாலையில் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் அறையில் வேலை. கருவி சரியாக இருந்தால் பச்சை ஸ்டிக்கர். ஒரு வரம்புக்குள் மட்டும் பயன்படுத்தலாம் என்றால் மஞ்சள். ஒதுக்க வேண்டும் என்றால் சிவப்பு. ஸ்டிக்கரில் அடுத்த சோதனைத் தேதியை எழுத வேண்டும். அவ்வளவுதான் என் பயிற்சி. அதில் எந்த இடத்திலும் முயல் வரவில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் அந்த அறையை ஏசி மாற்றுவதற்காக மூன்று மாதம் மூடினார்கள். நிக்டியில் எங்கள் தொழிற்சாலைக் குடியிருப்புக்கு ஒரு நூலகம் இருந்தது. அங்கே புத்தகங்களைப் பட்டியல் போட ஓர் ஆள் வேண்டும் என்று வெல்ஃபேர் ஆபீசர் கேட்டிருந்தார். நான் பட்டியல் போடுவேன் என்பது தொழிற்சாலை முழுக்கத் தெரியும். என் டிபன் டப்பா மூடிக்கு உள்பக்கம்கூட ஒரு பட்டியல் ஒட்டியிருக்கும். அனுப்பினார்கள். மூன்று மாதம் கழித்து யாரும் என்னைத் திரும்பக் கூப்பிடவில்லை. நானும் நினைவுபடுத்தவில்லை.

நூலகர் ஜோக்ளேகர் மேடம். ஒல்லியானவர், பருத்திச் சேலை, ஆண்கள் கட்டும் பெரிய கைக்கடிகாரம். புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படிக்க மாட்டார். நின்றுகொண்டே கடைசிப் பக்கத்தைப் படிப்பார், பிறகு நடுவில் ஒன்று, அதன் பிறகுதான் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காருவார். காலையில் என் மேஜைக்கு வந்ததும் வணக்கம், சாப்பிட்டாயா, எதுவும் கிடையாது. மராத்தியில் ஒரே கேள்வி: "ஆஜ் கோண் மேலா?" இன்றைக்கு யார் செத்தது?

நானும் ஃபைலைப் பார்த்து அமைதியாகப் பதில் சொல்வேன். "ஒரு வாத்து, பேர் தெரியாத ரெண்டு எலிங்க, ஒரு ஓநாய்."

"ஓநாய் கணக்குல வராது. வாத்துக்கு அம்மா உண்டா?"

"உண்டு மேடம். பாத்துக்கிட்டே நிக்குது."

"ஐயோ. மஞ்சள்."

புதிதாகத் தபால் கொண்டுவந்த ஒருவர் இந்த உரையாடலைக் கேட்டுவிட்டு, எங்கள் வீடுகளில் ஏதோ துக்கம் என்று நினைத்துக் கையெழுத்துகூட வாங்காமல் போய்விட்டார்.

வண்ண ஸ்டிக்கர் என் ஏற்பாடு. பழைய அறையில் கட்டுக்கட்டாக மிச்சம் இருந்ததைக் கொண்டுவந்துவிட்டேன். பச்சை என்றால் ஏழு வயதுக்கு மேல். மஞ்சள் என்றால் பத்து. சிவப்பு என்றால் பன்னிரண்டு, அதுவும் பெரியவர்களின் கார்டில்தான் எடுக்க முடியும். முதல் நான்கு மாதம் பழக்கதோஷத்தில் எல்லாப் புத்தகத்திலும் அடுத்த சோதனைத் தேதியையும் எழுதிவிட்டேன். ஒரு தாத்தா பேரனுக்கு எடுத்த கரடிப் புத்தகத்தைத் திருப்பிக் கொண்டுவந்து, "இது போன வாரமே காலாவதி ஆயிருச்சு, மாத்திக் குடும்மா" என்றார். மாற்றிக் கொடுத்தேன். அவர் திருப்தியாகப் போனார்.

விலங்குகள் சாகசம் செய்யும் நாவல்கள்தான் எங்களுக்குப் பெரிய தலைவலி. மனிதர்கள் சண்டை போடும் புத்தகம் என்றால் பெற்றோரே பார்த்து எடுத்து வைத்துவிடுவார்கள். அட்டையில் மேல்கோட்டுப் போட்ட முள்ளம்பன்றி இருந்தால் நாலு வயதுக் குழந்தையின் கையிலேயே கொடுத்துவிடுகிறார்கள். உள்ளே அந்த முள்ளம்பன்றி கோட்டையை எரித்துக்கொண்டிருக்கும். அதனால் ஒரு சோதனைத் தாள் தயார் செய்தேன். யார் சாகிறார்கள், அவர்களுக்குப் பெயர் உண்டா, பேசுவார்களா. குட்டி அம்மாவைப் பிரிந்து எத்தனை பக்கம் இருக்கிறது. பல், நகம், அலகு பற்றிய வர்ணனை எவ்வளவு நீளம். கடைசிக் கட்டம் மேடம் சேர்த்தது: பயங்கரம் முடிந்து ஐந்து பக்கத்துக்குள் யாராவது சாப்பிடுகிறார்களா?

இந்தக் கடைசிக் கட்டத்தை நான் முதலில் நம்பவில்லை. மேடம் சொன்னார், "குழந்தை எதை வேணும்னாலும் தாங்கும். அப்புறம் யாராவது சூடா ஏதாவது குடிக்கணும், அவ்வளவுதான்." ஒரு வருடம் குழந்தைகளிடம் கேட்டுக் கேட்டுக் குறித்துப் பார்த்தேன். உண்மைதான். வெள்ளம் வந்து வளை மூழ்கினாலும், அடுத்து ஒரு சூப் வந்துவிட்டால் குழந்தைகள் நிம்மதியாகத் தூங்கினார்கள். சூப் வராத புத்தகத்தைப் படித்தவர்கள் விளக்கை அணைக்கவிடவில்லை.

இனி அந்தக் கஷ்டமான கேஸ்.

யாரோ வெளிநாட்டிலிருந்து திரும்பிய இன்ஜினியர் ஆறு பாகங்கள் கொண்ட ஆங்கில நாவல் வரிசை ஒன்றை நூலகத்துக்குக் கொடுத்தார். ஒரு செம்புக் கெட்டிலைக் கப்பலாக்கிக்கொண்டு ஆற்றில் போகும் மூஞ்சூறுகளின் கதை. எங்கள் குடியிருப்புக் குழந்தைகள் அதற்கு வைத்த பெயர் 'கெட்டில்'. கப்பலின் சமையல்காரர் ஒரு தேரை, பெயர் நட்மெக். தலையணை அளவுக்குக் குண்டு, எல்லோரையும் திட்டிக்கொண்டே பாயசம் கிண்டுவார். வில்லி ஒரு சாம்பல் நாரை. அவளைச் சீமாட்டி என்றுதான் எல்லா மிருகமும் கூப்பிடும்.

ஒவ்வொரு பாகமும் நானூறு பக்கம். அந்த மாதம் வேலை குவிந்திருந்தது. நான் என்ன செய்தேன் என்பதைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள் மட்டுமே புரிந்துகொள்வார்கள். ஆயிரம் போல்ட் வந்தால் ஆயிரத்தையுமா அளப்போம்? மாதிரி எடுப்போம். அதேபோல் எட்டுப் பக்கத்துக்கு ஒரு பக்கம் வீதம், பாகத்துக்கு ஐம்பது பக்கம் மாதிரி எடுத்துப் படித்தேன். மூன்றாம் பாகத்தில் இருநூற்று எட்டாம் பக்கத்தில் நட்மெக் வெங்காயம் வதக்குகிறார். இருநூற்றுப் பதினாறாம் பக்கத்தில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். 'உணவு: மிக நன்று' என்று எழுதி, ஆறு பாகத்துக்கும் பச்சை ஒட்டிவிட்டேன்.

இருநூற்றுப் பதினொன்றாம் பக்கத்தில் சீமாட்டி வந்து நட்மெக்கை விழுங்கியிருந்தாள். இருநூற்றுப் பதினாறில் அவர்கள் சாப்பிட்டது துக்கச் சாப்பாடு.

மூன்று வாரம் கழித்து முருகேசன் அண்ணன் நூலகத்துக்கு வந்தார். வேலூர்ப் பக்கத்துக்காரர், எங்கள் தொழிற்சாலையில் லேத் ஆபரேட்டர், புனேவில் இருபது வருடம். யூனிஃபார்மோடு நேராக வந்து, மூன்றாம் பாகத்தைப் பையிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தார்.

"இன்னாம்மா இது? பச்ச ஸ்டிக்கர் ஒட்னது நீதானே?"

"நாந்தாண்ணா."

"எம் பொண்ணு பவானிக்கு எட்டு வயசு. மூணு நாளா சரியா துன்றதில்ல. பின்னாடி நாலாவுல கொக்கு வந்து நிக்குதில்ல, அதுங்களப் பாத்துப் பாத்துக் கல்லால அடிக்குது. எதுத்த வூட்டு மாமி கேக்கறாங்க, கொக்கு உனுக்கு இன்னாடி பண்ணுச்சுன்னு. இது சொல்லுது, 'ஒங்களுக்குத் தெரியாது ஆன்ட்டி, இவங்கல்லாம் அவளோட சொந்தக்காரங்க'ன்னு."

நாலா என்றால் குடியிருப்புக்குப் பின்னால் ஓடும் சாக்கடை. அங்கே நின்ற வெள்ளைக் கொக்குகளுக்கும் புத்தகத்துச் சாம்பல் நாரைக்கும் நேரடி உறவு இல்லை என்று நான் சொல்ல வாயெடுத்தேன். மேடம் என் காலை மிதித்தார்.

முருகேசன் அண்ணன் புகாரை எழுதியே கொடுத்துவிட்டார். வெல்ஃபேர் ஆபீசர் ஆறு பாகத்தையும் பீரோவில் பூட்டச் சொன்னார். முழுமையாகப் படித்து, சரியான வயதைக் குறிப்பிட்டு அறிக்கை தர வேண்டும்.

படித்தேன். இந்த முறை ஒரு பக்கம் விடாமல். இரண்டாயிரத்து நானூறு பக்கம், ஐந்து நாள். நான்காம் பாகத்தின் ஒன்பதாம் பக்கத்தில் நின்றுவிட்டேன். தேரையின் தோல் கசக்கும். சீமாட்டியால் அதை வயிற்றில் வைத்துக்கொள்ள முடியவில்லை. ஒன்பதாம் பக்கத்தில் மொத்தமாகக் கக்கிவிடுகிறாள். நட்மெக் எழுந்து தொப்பியைப் பிழிந்துகொண்டு, "இவ்வளவு மோசமான சமையலறையை நான் பார்த்ததில்லை" என்கிறார்.

மருந்து பீரோவுக்குள் இருக்கிறது. நோயாளி வெளியே கொக்கை அடித்துக்கொண்டிருக்கிறாள்.

"மேடம், நாலாவது பாகத்துக்கு மட்டும் பச்சை போடலாமா?" என்று கேட்டேன்.

"அஞ்சாவதுல என்ன?"

"ஒரு போர். இருபத்தாறு சாவு, பதினொண்ணுக்குப் பேர் இருக்கு."

"சூப்?"

"எழுபது பக்கம் கழிச்சு."

மேடம் கடிகாரத்தைக் கழற்றி மேஜையில் வைத்தார். கோபம் வந்தால் அப்படிச் செய்வார். "நாலாவதக் குடுத்து அவளச் சந்தோஷப்படுத்திட்டு, அஞ்சாவதுல நிறுத்துவியா? வரிசைன்னா எதுல வயசு அதிகமோ அதான் மொத்தத்துக்கும். உன் தாள்லயே நீதான எழுதியிருக்க?"

எழுதியிருந்தேன், விதி எண் ஆறு. என் கையாலேயே ஆறு பாகத்துக்கும் சிவப்பு ஒட்டினேன். அறிக்கையிலும் அதையே எழுதினேன். பவானிக்குப் பன்னிரண்டு வயது ஆக இன்னும் நான்கு வருடம் இருந்தது. அதுவரை நிக்டியில் எத்தனை கொக்கு மிஞ்சும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். நன்றாக இல்லை.

நட்மெக் பிழைத்துவிட்டார் என்று அவளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடலாமே என்று கேட்பீர்கள். கூடாது. மேடத்தின் நூலகத்தில் அது ஒன்றுதான் மன்னிக்க முடியாத குற்றம். கதையின் முடிவை வாசகரிடம் சொன்ன ஒரு பையனின் கார்டை ஆறு மாதம் முடக்கியவர் அவர்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை. நான் பால் வாங்கிவிட்டு வருகிறேன். எங்கள் பிளாக்குக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி அருகே ஐந்து குழந்தைகள் கைகட்டி நின்றுகொண்டிருந்தார்கள். நடுவில் பவானி. எதிரே ஒரு வாழை இலைத் துண்டு, அதன்மேல் ஏதோ ஒரு உருண்டை.

எனக்குப் புரிந்துவிட்டது. இந்தப் பக்கத்தில் ஒருவர் இறந்த பத்தாம் நாள் பிண்டம் வைத்துக் காகத்துக்காகக் காத்திருப்பார்கள். காகம் தொட்டால் ஆத்மா நிம்மதியாகப் போய்விட்டது. தொடாவிட்டால் செத்தவருக்கு ஏதோ ஆசை பாக்கி. அதை நிறைவேற்றுகிறோம் என்று சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வாக்குக் கொடுப்பார்கள், காகம் வரும்வரை. வேறொன்றுமில்லை, நட்மெக்கின் பத்தாம் நாள்.

காகம் தொட்டிக் குழாயின் மேல் உட்கார்ந்திருந்தது. வருவதாக இல்லை.

"நட்மெக் மாமா, கெட்டில் ஓட்டைய நாங்க அடைச்சுடுறோம்" என்றான் ஒருவன். காகம் அசையவில்லை.

"உங்க கரண்டிய யாரும் தொட மாட்டோம், ப்ராமிஸ்" என்றாள் ஒருத்தி. காகம் தலையைத் திருப்பிக்கொண்டது.

"சீமாட்டிய நான் கொல்றேன்" என்றாள் பவானி. அவள் குரலில் சந்தேகமே இல்லை.

அந்த நேரத்தில் இரவு ஷிப்ட் முடிந்து முருகேசன் அண்ணன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். பார்த்தார். சைக்கிளை அப்படியே போட்டுவிட்டார்.

"அடிப்பாவி! வூட்ல எல்லாரும் நல்லாக்கீறோம், யாருக்குடி பிண்டம் வெக்கிற?"

"நட்மெக் மாமாவுக்குப்பா. காக்கா டச் பண்ணவே மாட்டேங்குது."

அவர் திட்ட வாயைத் திறந்தார். பிறகு காகத்தைப் பார்த்தார். அவருக்குள் ஏதோ ஒரு தொழில் அக்கறை விழித்துக்கொண்டது. "நீங்க இப்டிக் கை கட்டிக்கினு நின்னா அது எப்டி வரும்? நம்ம ஊர்ல கூப்புடுவாங்க" என்று சொல்லிவிட்டு, வாய்க்கு இரண்டு பக்கமும் கையை வைத்து, "கா! கா! கா!" என்று கத்தினார். மூன்று பால்கனியில் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். காகம் பறந்து போய்விட்டது.

நான் குனிந்து உருண்டையைப் பார்த்தேன். நேற்றைய இட்லி. நன்றாகப் பிசைந்து, மிளகாய்ப் பொடி போட்டு, எண்ணெயும் விட்டிருந்தார்கள். எந்தக் காகமும் தொடாது. இந்தத் தொழில்நுட்ப விளக்கத்தைச் சொல்வதற்குள் பவானி நிமிர்ந்தாள்.

"அப்பா," என்றாள் மெதுவாக, "காக்கா ஏன் தொடலன்னு தெரிஞ்சிருச்சு. அவர் சாகவே இல்லப்பா."

குழந்தைகள் ஐந்து பேரும் ஒரே நேரத்தில் என் முகத்தைப் பார்த்தார்கள். முழுப் புத்தகத்தையும் படித்தவள் அங்கே நான் ஒருத்திதான். நான் தண்ணீர்த் தொட்டியின் மட்டத்தைக் கவனமாகப் பார்த்தேன். முக்கால் இருந்தது.

முருகேசன் அண்ணனும் என்னைத்தான் பார்த்தார். "இன்னாம்மா, அந்தாளு செத்துட்டானா, இல்லியா?"

"சொல்லக் கூடாதுண்ணா."

"ஏன், மிலிட்டரி ரகசியமா?"

"நூலக விதி."

"ரெண்டு நாளா எனுக்கே தூக்கம் வர்ல. வூட்ல ரெண்டு பேரும் அதே பேச்சு. சும்மா தலைய ஆட்டு, போதும்."

நான் தலையை ஆட்டவில்லை. ஆடிவிடும் என்று பயந்து பால் பாக்கெட்டைத் தாடைக்குக் கீழே வைத்துக்கொண்டேன்.

மறுநாள் நூலகம் திறந்ததும் முதல் ஆளாக அவர் நின்றார். தன்னுடைய கார்டை மேடத்தின் முன் வைத்தார். "கெட்டில், நாலாவது" என்றார்.

மேடம் பீரோவைத் திறந்து புத்தகத்தை எடுத்தார். சிவப்பு ஸ்டிக்கரை விரலால் காட்டி ஹிந்தியில் கேட்டார். "யாருக்கு?"

"எனக்கு மேடம்."

"வயசு?"

"நாப்பத்தொண்ணு."

மேடம் என்னைப் பார்த்தார். "தகுதி இருக்கா?"

"இருபத்தொன்பது வருஷம் கூடவே இருக்கு மேடம்" என்றேன்.

மேடம் முத்திரை குத்தினார். கொடுப்பதற்கு முன் ஒரு காகிதத் துண்டைக் கிழித்து எட்டாம் பக்கத்துக்கும் ஒன்பதாம் பக்கத்துக்கும் நடுவில் செருகினார். கதையைச் சொல்லவில்லை. அடையாளத் துண்டு வைப்பதை எந்த விதியும் தடுக்கவில்லை. விதிகளை எழுதியவள் நான், எனக்குத் தெரியும்.

அவருக்கு ஆங்கிலம் எழுத்துக்கூட்டித்தான் வரும். ஆகவே புத்தகத்தை எடுத்தவர் அவர், வாய்விட்டுப் படித்தவள் பவானி. அவளுக்குத் தமிழில் சொல்லத் தெரியாத இடங்களை ஹிந்தியில் சொன்னாளாம். மறுநாள் மதிய இடைவேளையில் அவர் ஓடிவந்தார். "கக்கிட்டா! மொத்தமா கக்கிட்டா!" என்று வாசலிலிருந்தே கத்தினார். வாசிப்பு மேஜையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தவர்கள் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று எழுந்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு ஐந்தாவது, ஆறாவது. இருபத்தாறு சாவு நடந்த போரின்போது பவானி நன்றாகவே இருந்தாளாம், அப்பாதான் அழுதாராம். சூப் வரும்வரை எழுபது பக்கமும் ஒரே இரவில் படிக்கச் சொன்னாராம். கெட்டிலைப் பற்றியும் அவருக்கு அபிப்பிராயம் இருந்தது. அந்தக் கனத்துச் செம்பு பாறையில் மோதினால் நெளியுமே தவிரக் கிழியாது, எழுதினவருக்கு மெட்டீரியல் தெரியவில்லை என்றார். நாலாவுக்குக் கொக்குகள் திரும்பி வந்தன.

ஆறாவதைத் திருப்பிக் கொடுத்த கையோடு வெல்ஃபேர் ஆபீசருக்கு இரண்டாவது புகாரும் வந்தது. 'கதை முடியவில்லை. சீமாட்டி தப்பித்துவிட்டாள். ஏழாம் பாகத்தை நூலகம் உடனே வாங்க வேண்டும்.' ஏழாம் பாகம் எழுதப்படவில்லை என்று நான் எழுத்தில் பதில் கொடுத்தேன். முருகேசன் அண்ணன் அதை இரண்டு முறை படித்தார். "சரி, அப்ப நாங்களே பாத்துக்கறோம்" என்றார்.

இரண்டு மாதம் கழித்து பவானி ஒரு கட்டுக் காகிதம் கொண்டுவந்தாள். முன்பக்கம் லேத் செக்‌ஷனின் பழைய ஷிப்ட் தாள்கள், பின்பக்கம் பென்சிலில் கெட்டில், பாகம் ஏழு. மூலையில் துளை போட்டு, செம்புக் கம்பியால் இறுக்கியிருந்தது. அந்த வேலை அப்பாவுடையது, நேர்த்தியாக இருந்தது.

"அக்கா, இதுக்கு வயசு போட்டுக் குடு. லைப்ரரில வெக்கணும்."

உட்கார்ந்து படித்தேன். முப்பத்திரண்டு பக்கம், மாதிரி எடுக்கவில்லை. இரண்டாம் பக்கத்தில் சீமாட்டி பிடிபடுகிறாள். மூன்றிலிருந்து முப்பத்தொன்று வரை அவளுக்கு என்னென்ன நடக்கிறது என்பதை இங்கே எழுத மாட்டேன். லேத் மிஷினை நன்றாகத் தெரிந்த ஒருவர் ஆலோசனை சொல்லியிருக்கிறார் என்பது மட்டும் தெரிந்தது. கடைசிப் பக்கத்தில்தான் சூப், அதுவும் எதில் செய்தது என்று பவானி எழுதியிருந்தாள்.

தாளை நிரப்பினேன். கூட்டினேன். இன்னொரு முறை கூட்டினேன். பிறகு சிவப்பு ஸ்டிக்கரை எடுத்து ஒட்டினேன்.

"பவானி, இது பன்னெண்டு வயசுக்கு மேலதாம்மா. நீ எழுதினதுதான், ஆனா உனக்கு இதக் குடுக்க முடியாது. உனக்கு எட்டுதான் ஆகுது."

அவள் ஸ்டிக்கரைத் தடவிப் பார்த்தாள். முகத்தில் அப்படி ஒரு பெருமை.

"பரவால்லக்கா," என்றாள். "அப்பா கார்டுல எடுத்துக்கறேன்."